அஞ்சலாட்சி சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை

கலங்கரை நகரில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்டால், அந்த நாட்களில் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: கடற்கரைச் சாலையில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் உட்காருங்கள், நிதானமாகச் சாப்பிடுங்கள், இங்கே கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் சூரியன் பதினொரு மணியைத் தாண்டாது. அதை அவர்கள் பெருமையாகவும் சொல்லவில்லை, பயந்துகொண்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு என்று சொல்வதைப் போலச் சொன்னார்கள்.

சென்னைக்குத் தெற்கே, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் தொடங்கிக் கடலில் முடிகிற நகர் அது. மதில்களின் மேல் காகிதப்பூ வழியும் பங்களாக்களும், நாய்களை நடத்திக்கொண்டு போவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் அடுக்கு மாடிகளும், நாற்காலிகளை நடைபாதையில் போட்டுக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கும் கடைகளுமாக நிறைந்த இடம். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் வருகிற சாப்பாட்டுக்கு அங்கே பிரஞ்ச் என்று பேர். நகரை ஒட்டி, கடற்கரை மணலிலேயே இருந்த சங்குமேட்டுக் குப்பத்துக்காரர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டால் சிரிப்பு வரும். விடியுமுன் கடலுக்குப் போனவர்கள் பத்து மணிக்குக் கரை திரும்பி, மீனை விற்று, பதினொரு மணிக்குத்தான் சோற்றில் கை வைப்பார்கள். அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சூரியன் முதன்முதலில் நின்ற ஞாயிறன்று ஓர் அடுக்கு மாடியின் வாயில் காவலாளிக்கு மாற்று ஆள் வரவில்லை, அவர் பட்டினியாகவே நின்றுகொண்டிருந்தார். நிழல்கள் அசையவில்லை, கடிகாரங்கள் அசையவில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் மணி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிப் பெண்மணி ஒருத்தி அவருக்கு இரண்டு தோசை கொண்டுவந்து கொடுத்ததும் எல்லா நிழல்களும் ஒன்றாக நகர்ந்தன. அடுத்த வாரம் ஒரு பங்களாவின் சமையல்காரிக்காக நின்றது, அதற்கடுத்த வாரம் குப்பை வண்டி ஓட்டுபவருக்காக. சில ஞாயிறுகள் போனபின் எல்லோருக்கும் வழக்கம் புரிந்துவிட்டது. விரதம் இருப்பவர்களையும் நோன்பு வைப்பவர்களையும் சூரியன் கண்டுகொள்ளவில்லை. பசித்தும் சாப்பிடாமல் இருப்பவர்களுக்காக மட்டுமே நின்றது. தெருநாய்களைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்ததால் அவற்றுக்கும் பிஸ்கட் போட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்க நகரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை, எப்படிச் சமாளிப்பது என்றுதான் யோசித்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் சடகோபன் ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், எது தாமதமானாலும் அவருக்குப் பொறுக்காது. அவர் ஒரு வேனை ஏற்பாடு செய்தார். ஞாயிறு காலை அந்த வேன் எலுமிச்சை சாதப் பொட்டலங்களோடு தெருத் தெருவாகப் போய், காவலாளிகளுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் குப்பத்து ஆட்களுக்கும் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, "சாப்ட்டுடுங்க, சாப்ட்டுடுங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போகும். பசியாறட்டும் என்று யாரும் கொடுக்கவில்லை, மதியம் வரட்டும் என்று கொடுத்தார்கள். வாங்கியவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் சாப்பிட்டார்கள், ஏனென்றால் பசி இருந்தது.

அந்த அதிசயத்தை வைத்தே கடற்கரைச் சாலையின் கோடியில் ஓர் உணவகம் வந்தது. பேரே "லெவன்". அதை நடத்திய தாரிணி ஒரு காலத்தில் தன் வீட்டு அடுப்பிலேயே ரொட்டி சுட்டு, ஸ்கூட்டரில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவள். யாருடைய தயவும் இல்லாமல் மேலே வந்தவள் என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. கடலை நோக்கி மரத்தளம் போட்டு, வெள்ளைக் குடை நட்டு, வாசலில் பெரிய பலகை வைத்தாள்: ஞாயிறுதோறும் பன்னிரண்டு மணி வரை அளவில்லா விருந்து. உடைத்து வெந்நீரில் இறக்கிய முட்டை, வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டி, தேன் ஊற்றிய அடுக்கு ரொட்டி, நண்டு சூப் என்று மேஜைகள் நிரம்பின. வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் புகழ்ந்தார்கள். ஒரே ஒரு குறை மட்டும் சொன்னார்கள்: மீன் வாடை.

லெவனை ஒட்டி மீன்சந்து என்று ஒரு பாதை இருந்தது. குப்பத்துப் பெண்கள் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதன் வழியாகத்தான் சாலைக்கு வருவார்கள், அவசரத்துக்கு ஓர் ஆட்டோ குப்பத்துக்குள் வரவேண்டுமென்றாலும் வேறு வழி கிடையாது. பாதுகாப்பு என்று சொல்லிச் சங்கம் தீர்மானம் போட்டது, தாரிணி சிமென்ட்டும் செங்கல்லும் கொடுத்தாள். ஒரு வார நாளில், ஆண்கள் கடலிலும் பெண்கள் சந்தையிலும் இருந்த வேளையில், சந்தின் வாயில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் எழும்பியது. அதற்கு வெள்ளை அடித்து நீல அலைகளும் வரைந்தார்கள். அன்று முதல் பெண்கள் முகத்துவாரம் வரை மணலில் நடந்து, சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள், வருவதற்குள் மீனின் கண் மங்கிவிடும்.

அஞ்சலாட்சியும் அப்படித்தான் சுற்றி நடந்தாள், முணுமுணுத்தாள், பழகிக்கொள்ளப் பார்த்தாள். ஐப்பசியில் ஒருநாள் அவள் புருஷன் தேசப்பன் படகிலிருந்து இறங்கும்போது அலை தூக்கியடித்து, என்ஜின் விசிறி அவன் காலைக் கிழித்தது. கூப்பிட்டவுடன் ஆட்டோ வந்துவிட்டது, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. என்ஜின் சத்தம் கேட்டது, டிரைவர் "எப்படிம்மா வர்றது?" என்று கத்தியதும் கேட்டது. நாலு பேர் அவனைப் பாயில் தூக்கிக்கொண்டு முகத்துவாரத்தைச் சுற்றி ஓடினார்கள், வழியெல்லாம் மணல் சிவந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அஞ்சலாட்சி தாரிணியிடம் போனாள், அது சங்கத்து முடிவு என்றாள் தாரிணி. சடகோபனிடம் போனாள், அது எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து எடுத்த முடிவு என்றார் அவர். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள், ஒருவர் மோர்கூடக் கொடுத்தார். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தை பிறந்து வந்த ஒரு ஞாயிறன்று வேன்காரன் வேனைச் சாலையில் விட்டுவிட்டு, பொட்டலங்களோடு முகத்துவாரம் சுற்றிக் குப்பத்துக்கு நடந்து வந்தபோது அவள் சுவரில் முதுகைச் சாய்த்து மணலில் உட்கார்ந்திருந்தாள். நீட்டிய பொட்டலத்தை வாங்கவில்லை.

"எனக்கு வேணாம்பா."

"வூட்லயே துன்னுட்டியாக்கா?" என்றான் வேன்காரன்.

"துன்னல. துன்னப் போறதுமில்ல. செவுரு போற வரைக்கும் என் வாயில ஒரு பருக்கை போவாது. போய் உங்க தலைவர்கிட்ட சொல்லு."

சூரியன் பதினொரு மணிக்கு வந்து நின்றது.

முதலில் நகரில் யாரும் கவலைப்படவில்லை. யாரோ மெதுவாகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு காபி சொன்னார்கள், பத்திரிகையை மறுபடி முதலிலிருந்து படித்தார்கள், குழந்தைகள் மணலில் கட்டிய கோபுரங்களை இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். காதலர்கள் மகிழ்ந்தார்கள். நேரம் போகப் போக, போகிறது என்று எதை வைத்துச் சொல்வது என்று தெரியாமல், ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டார்கள். பாலத்தின் மேல் நின்றவர்கள் அந்தப் பக்கம் சாயங்காலமாகி விளக்குகள் ஏறுவதைப் பார்த்தார்கள், இந்தப் பக்கம் வெயில் அப்படியே கண்ணைக் குத்தியது. பணமும் காரும் இருந்தவர்கள் தலையணையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் அங்கே இரவில் தூங்கிவிட்டு வந்தார்கள், மற்றவர்கள் ஜன்னல்களில் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். செம்பருத்திப்பூக்கள் மூடாமலே களைத்து உதிர்ந்தன. சேவல்கள் குழம்பிப்போய்க் கூவுவதையே விட்டுவிட்டன.

குப்பத்துக்கு மட்டும் அது கெடுதலாக இல்லை. ஆண்கள் வழக்கம்போலக் கடலுக்குப் போனார்கள், கொஞ்சதூரம் போனதும் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கியது. அந்த இருட்டிலிருந்து பார்த்தால் கரை ஒரு பெரிய விளக்கு மாதிரி எரிந்தது, விளக்கைப் பார்த்து வரும் பூச்சிகளைப் போல மீன்கள் கூட்டம் கூட்டமாக அதை நோக்கி வந்தன. வலை கிழியக் கிழிய மீன் ஏறியது. "எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல சார்" என்று குப்பத்துக்காரர்கள் சடகோபனிடம் சொன்னார்கள். சொல்லும்போது அவர்களுக்கே அது புதிதாக இருந்தது. அந்த வார்த்தையை அவர்கள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

லெவனில்தான் சிக்கல் பற்றிக்கொண்டது. வாசல் பலகையில் பன்னிரண்டு மணி வரை என்று போட்டிருந்தது, பன்னிரண்டு வரவேயில்லை. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் போய்த் தூங்கிவிட்டு, குளித்துவிட்டு, அதே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்து அதே பில்லில் மறுபடி நண்டு சூப் கேட்டது.

"சார், நேத்தே நீங்க சாப்ட்டுட்டீங்களே" என்றாள் தாரிணி.

"நேத்தா? இன்னும் ஞாயிறு பதினொண்ணுதானேம்மா?" என்று அந்த மனிதர் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். "உங்க போர்டுதானே சொல்லுது?"

வாதாட வழியில்லை. முட்டை தீர்ந்தது, மாவு தீர்ந்தது, பனிக்கட்டி தீர்ந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாங்கிவந்து கொட்டினாலும் போதவில்லை. சமையல்காரர்கள் நின்றபடியே தூங்கினார்கள். தாரிணி அடுப்புக்கும் மேஜைக்கும் ஓடினாள், குழம்பு பதத்தை நாக்கு நுனியில் பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் அவளுக்கு நிற்க நேரமில்லை.

லெவனில் பரிமாறவும் தட்டு கழுவவும் இருந்தவர்களில் ஒருத்தி செவ்வந்தி, அஞ்சலாட்சியின் மகள். தாரிணி அவளைக் கூப்பிட்டு, ஒரு தட்டில் உள்ளதிலேயே நல்லதாக எல்லாம் அடுக்கிக் கையில் கொடுத்தாள்.

"உங்கம்மாவைச் சாப்பிட வை. இல்லன்னா நீ இங்க திரும்ப வரவேண்டாம்."

செவ்வந்தி முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு தட்டைத் தூக்கி வந்தாள். வந்து சேர்வதற்குள் முட்டை ஆறி, ரொட்டி விறைத்துப் போயிருந்தது. தேசப்பன் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனைவிக்கு ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு வாய் துன்னும்மா. வேலை பூடும்."

"உங்கப்பா காலு பூட்ச்சே, அது மட்டும் பரவால்லையா?"

"எனக்குக் கோவமே இல்லன்னு நெனச்சிகினியா?" செவ்வந்தி தட்டை மணலில் வைத்தாள். "இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான் தினமும் தட்டு கழுவுறேன். அப்பா கத்துனது எனக்கும்தான் கேட்டுச்சி. கைல சோப்போட நின்னுகினு இருந்தேன். ஒண்ணும் பண்ணமுடியல."

அஞ்சலாட்சி மகளை நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுக்கு அதுவரை தெரியாது. தேசப்பன் விசிறுவதை நிறுத்தினான். பிறகு செவ்வந்தி இடுப்பிலிருந்த கறுப்பு ஏப்ரனை அவிழ்த்து மணலில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, அம்மாவுக்காகக் கொண்டுவந்த தட்டை மடியில் வைத்துத் தானே சாப்பிடத் தொடங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றான் தேசப்பன்.

"உப்பே இல்லப்பா."

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசியோடு சிரித்ததில் வயிறு வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

செவ்வந்தி திரும்பிப் போகவில்லை என்ற செய்தி நகருக்குள் பரவியதும் வீட்டு வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள், காவலாளிகள் வந்தார்கள், நாய் நடத்துபவர்கள் நாய்களோடு வந்தார்கள். அவர்களெல்லாம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள், அஞ்சலாட்சியே அப்படித்தான் சொல்லியிருந்தாள். பசி ஒருத்திக்குப் போதும், மீதிப்பேர் தெம்பாக இருக்கவேண்டும் என்றாள்.

சங்கம் என்னென்னவோ செய்து பார்த்தது. இது ஒரு வகை விரதம்தானே, விரதத்தைத்தான் நீங்கள் கணக்கில் எடுப்பதில்லையே என்று சடகோபன் மொட்டைமாடியில் நின்று சூரியனைப் பார்த்துச் சத்தம்போட்டுச் சொன்னார். சூரியன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் ஜெசிந்தாவை வரவழைத்தார்கள். அவர் வந்து, சுவரையும் தேசப்பனின் காலையும் பார்த்து, அஞ்சலாட்சியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்தார்.

"இந்தம்மா யாரையும் எதுவும் பண்ணல. அவங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்காங்க" என்றார்.

"சாப்பிட வைங்க மேடம்" என்றார் சடகோபன்.

"சொல்லிப் பாத்துட்டேன். வாயைப் பிடிச்சுத் திறக்கச் சொல்றீங்களா? அதுக்கு உங்கமேல நான் கேஸ் போடணும்."

கடைசியில் சடகோபன் ஒரு குடம் தண்ணீரோடு தானே வந்தார். அவள் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார். வெயிலாக இருக்கிறதே அம்மா என்று அன்பாகச் சொல்லி ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரு மடக்கு வாயில் வாங்கினாள். விளக்குக் கம்பத்தின் நிழல் ஒரு விரல் அளவு நகர்ந்தது. நகருக்குள் ஆயிரம் வாய்கள் ஒரே நேரத்தில் கத்தின, மாடிகளில் கைதட்டினார்கள், லெவனில் தாரிணி மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அஞ்சலாட்சி தண்ணீரை நாக்கில் உருட்டினாள். இனித்தது. மணலில் துப்பினாள், வாயைக் கொப்பளித்து மறுபடி துப்பினாள், புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். நிழல் போன வழியே திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது.

"சர்க்கரையா சார்?"

சடகோபன் தலையைக் குனிந்துகொண்டார். குடத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

"உங்க கையில தண்ணிகூட நம்பி வாங்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்துட்டீங்க" என்றாள் அஞ்சலாட்சி. அதற்குப் பிறகு தேசப்பன் வீட்டுக் குடத்திலிருந்து ஊற்றினால் மட்டுமே குடித்தாள்.

அதன்பின் தாரிணியே வந்தாள். மாவு ஒட்டிய கையோடு, கலைந்த தலையோடு, முகத்துவாரம் சுற்றி முதல்முறையாக நடந்து வந்தாள். செருப்பு மணலில் புதைந்ததால் பாதியில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தூரமா?" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு அஞ்சலாட்சியைப் பார்த்தாள். "சரி, நான் ஒரு வழி சொல்றேன். சுவத்துல ஒரு கதவு வைக்கிறேன். பெரிய கதவு. காலையில திறந்துவிடச் சொல்றேன்."

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

தாரிணி சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அதுவும் செவுருதான்" என்றாள் அஞ்சலாட்சி.

"நானும் ஒண்ணுமில்லாம இருந்து வந்தவதான். என் கடை மூழ்கிப் போகுது. அது உங்களுக்குப் புரியலையா?"

"புரியுது. ஒண்ணுமில்லாம இருந்தேன்னு சொல்றியே, அப்ப ஸ்கூட்டர்ல ரொட்டி வித்தியாமே, செவ்வந்தி சொன்னா. உன் வழியில யாருனா செவுரு வெச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பே?"

தாரிணிக்குக் கோபம் வந்தது. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

அவள் லெவனுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் கூச்சல் கேட்டது. அஞ்சலாட்சி மயங்கிச் சாய்ந்திருந்தாள். யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள், ஆட்டோ வந்தது, வந்து சுவருக்கு இந்தப் பக்கம் நின்றது. டிரைவர் இறங்கி, "எப்படிம்மா வர்றது?" என்று கத்தினான். அதைக் கேட்டதும் தேசப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒற்றைக் காலில் எழுந்து, ஊன்றுகோலால் நீல அலைகளின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தான். கோல் முறிந்தது. அவன் கைமுட்டியால் அடித்தான்.

மரத்தளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். தாரிணியும் நின்று கேட்டாள். அந்த ஐப்பசி நாளிலும் அவள் இதே இடத்தில் நின்று இதே மாதிரி ஒரு சத்தத்தைக் கேட்டிருந்தாள், பாட்டின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லியிருந்தாள். இப்போது பாட்டு வைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சமையற்கட்டுக்குள் போனாள். மூலையில் காலி சிலிண்டர்கள் நின்றன. ஒன்றைப் படுக்கப் போட்டு உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிடிங்க" என்றாள் சமையல்காரர்களிடம். "சுவத்தை இடிங்க."

"மேடம், சங்கத்துல கேட்டு..."

"செங்கல் என்னோடது. இடிங்கடா!"

நாலு பேர் சிலிண்டரைத் தூக்கி மோதினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து குப்பத்து ஆண்கள் படகுத் துடுப்பாலும் நங்கூரத்தாலும் மோதினார்கள். ஜன்னலோர மேஜைக்காரர்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து ஒரு கை பிடித்தார். வெள்ளைச் சுவரில் அலைகள் விரிசல் விட்டு, கல் கல்லாக உதிர்ந்து, கடற்காற்று குபீரென்று மீன் வாடையோடு மேஜைகளின் மேல் வந்து அடித்தது. ஆட்டோ இடிபாடுகளின் மேல் ஏறி இறங்கி அஞ்சலாட்சியின் பக்கத்தில் போய் நின்றது.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அவள் கண் திறந்தாள்.

"செவுரு?"

"பூட்ச்சிம்மா" என்றாள் செவ்வந்தி, அழுதுகொண்டே சிரித்தாள்.

அஞ்சலாட்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அடிக்கல்லு கீதே."

"அம்மா!"

"அதை வெச்சிகினு நாளைக்கே மறுபடி கட்டுவாங்க. அதையும் நோண்டி எடுக்கட்டும். அதுவரைக்கும் தண்ணி போதும்."

ஆட்டோவில் ஏறவும் மாட்டேன் என்றுவிட்டாள். கடப்பாரையோடு தாரிணி முதல் ஆளாக இறங்கினாள், சடகோபன் கேட்காமலே வந்து மண்ணை அள்ளினார். கடைசி அடிக்கல்லைத் தோண்டித் தூக்கியதும் அவர் ஓடிப்போய் வேனிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார்.

"இந்தாங்கம்மா. இப்போ சாப்பிடலாம்."

"பொட்டலம் வேணாம் சார். எங்கூட்டுச் சோறு துன்னுக்கிறேன்."

ஆகவே நகரம் முழுவதும் காத்திருந்தது. செவ்வந்தி உலை வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் படகிலிருந்து அப்போது இறங்கிய சங்கரா மீனை உரசிக் கழுவிக் கொடுத்தாள், இன்னொருத்தி புளி கரைத்தாள். மண்சட்டியில் குழம்பு கொதித்து அந்த மணம் திறந்த சந்து வழியாக ஏறி, பங்களாக்களுக்குள் போய், போர்வை தொங்கிய ஜன்னல்களை விலக்கிக்கொண்டு நுழைந்தது. உள்ளே இருந்தவர்கள் அதற்கு மூக்கைப் பொத்தவில்லை. அஞ்சலாட்சி சுவர் இருந்த இடத்தில், சந்தின் நட்டநடுவில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் கவளத்தை ஆறவிட்டு வாயில் வைத்தாள்.

"கொஞ்சம் சீக்கிரம்..." என்றார் சடகோபன், தன்னை அறியாமல்.

"முள்ளு கீது சார்."

அவள் ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். மறுசோறு வாங்கினாள். கடைசிக் கவளத்தையும் சாப்பிட்டு, தட்டை வழித்து, விரலை நக்கி, கையைக் கழுவி எழுந்தாள். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

சூரியன் அசையவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீ சாப்பிட்டாயா, நீ சாப்பிட்டாயா என்று கேள்வி வாய்க்கு வாய் போனது. குழந்தைகளைக் கேட்டார்கள், கைதவறி விட்ட நாய் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிஸ்கட் போட்டார்கள். அஞ்சலாட்சிதான் கண்டுபிடித்தாள். கடப்பாரையைப் பிடித்தபடி, கண் குழிந்து, உதடு வெடித்து நின்ற தாரிணியை உற்றுப் பார்த்தாள்.

"நீ எப்ப துன்னே?"

தாரிணி யோசித்தாள். "தெரியல" என்றாள்.

"ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு..." அஞ்சலாட்சி சட்டியைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் இருந்தது. கழுவிய தட்டிலேயே சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். "உக்காரு. இங்க நாற்காலி கெடையாது, தரையிலதான்."

தாரிணி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுச் செங்கல் தூளின் மேல் உட்கார்ந்தாள். முள் எடுத்துப் பழக்கமில்லாததால் அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. மன்னிப்பு என்று அவள் எதுவும் சொல்லவில்லை, அஞ்சலாட்சி எதிர்பார்க்கவும் இல்லை. பாதித் தட்டில் அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. காரம் என்று சொன்னாள். கடைசிப் பருக்கை உள்ளே போனதும், நகரத்தின் அத்தனை நிழல்களும் மூச்சு விட்டதுபோல ஒன்றாகக் கிழக்கு நோக்கிச் சாயத் தொடங்கின. பன்னிரண்டு வந்தது, ஒன்று வந்தது. ஜன்னலோர மேஜைக்காரர் பில்லைக் கேட்டார். அன்று சாயங்காலம் மங்கியபோது பெரியவர்கள்கூட மாடியில் நின்று இருட்டை வேடிக்கை பார்த்தார்கள்.

அதன்பிறகு கலங்கரை நகரில் யாராவது புதிதாகக் கேட் போடவோ வேலி போடவோ மணலை வளைக்கவோ திட்டம் கொண்டுவந்தால், சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்தால் அஞ்சலாட்சி சாப்பிடுவாளா? பல திட்டங்கள் அந்தக் கேள்வியோடு நின்றுபோயின. சாப்பிடாமல் உட்கார்ந்து சூரியனை நிறுத்துவதைக் குப்பத்துப் பெண்களும் கற்றுக்கொண்டார்கள், வேலைக்காரர்களும் காவலாளிகளும் கற்றுக்கொண்டார்கள்.

சுவர் போனதற்கு அடுத்த ஞாயிறு வேன் வரவில்லை. சடகோபன் தனியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மீன்சந்து வழியாக இறங்கி வந்தார். அஞ்சலாட்சி வாசலில் உட்கார்ந்து மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் தள்ளி நின்று தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிக்கு... சாப்பிடுவீங்கல்லம்மா?"

அஞ்சலாட்சி கத்தியை நிறுத்தி, நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சூரியனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பசிக்கட்டும் சார். பாக்கலாம்."

கூடையிலிருந்து அடுத்த மீனை எடுத்தாள்.